தனக்கு வந்த தலைவலி

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். பட்டவருக்குத்தான் அடுத்தவர் பாடு புரியும் என்ற நம்பிக்கை அந்தப் பேச்சுக்குள் இருக்கிறது. இன்று அது துணிக்கடைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. பள்ளியில் எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாமல் தவித்து, ‘மக்கு’ என்று பெயர் வாங்கிய ஒருவர் வளர்ந்தபின் ஆடை நிறுவனம் தொடங்குகிறார். தைப்பவரை வதைக்காமல், மண்ணையும் நீரையும் கெடுக்காமல் துணி செய்வேன் என்கிறார். இந்த உறுதி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாட்டோடு வாழ்ந்ததிலிருந்து என்று பதில் வருகிறது. பெங்களூரில் இப்படி ஒருவர் கடை திறந்தால் யாரும் வியக்க மாட்டார்கள். புதுத் தொழில் தொடங்கும் இளைஞர்களும், ஆயிரக்கணக்கில் பெண்கள் வேலை செய்யும் தையல் ஆலைகளும், கைத்தறிக் கடைகளும் ஒரே நகரத்துக்குள் அடங்கியிருக்கும் இடம் அது.

அப்படிச் சொல்பவரின் நேர்மையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் சொல்வதற்குள் மதங்களும் தத்துவங்களும் நெடுங்காலமாகப் புரட்டிப் பார்த்த ஒரு கேள்வி இருக்கிறது. தான் பட்ட வலி, பிறர் வலியைக் காணும் கண்ணைத் தானாகவே திறந்துவிடுமா? புத்தர் சொன்ன நான்கு உண்மைகளில் முதலாவதே துக்கம்தான்; அங்கிருந்துதான் கருணைக்கான வழி தொடங்குகிறது. திருக்குறளில் ‘இன்னா செய்யாமை’ அதிகாரம், பிற உயிரின் நோயைத் தன் நோய்போல் எண்ணிக் காக்காவிட்டால் அறிவினால் என்ன பயன் என்று கேட்கிறது. தன் நோய் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். அதைப் ‘போல’ என்று பிறர் பக்கம் நகர்த்துவதுதான் கடினம்.

இதைச் சோதித்துப் பார்க்க உலகம் அறிந்த ஓர் ஆடைப் பெயரே போதும். டாமி ஹில்ஃபிகர் 1951இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் எல்மைரா என்ற ஊரில் பிறந்தவர். டிஸ்லெக்சியா என்று கண்டறியப்படாமலே பள்ளிக் காலம் கழிந்தது. தன்னை மந்தமானவன் என்றே நினைத்தார்கள் என்று பின்னாளில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். 1969இல், 18 வயதில், நண்பர்களோடு சேர்ந்து ஜீன்ஸ் கடை போட்டார். 25 வயதில் அது திவாலானது. 1985இல் மோகன் முர்ஜானி என்ற இந்தியத் தொழிலதிபர் முதல் போட, தன் பெயரிலேயே ஆடைகளைக் கொண்டுவந்தார். அந்தப் பெயர் 2004இல் இந்தியக் கடைகளுக்கு வந்தது. இங்கே அதை நடத்தும் கூட்டு நிறுவனம் பெங்களூரிலிருந்துதான் இயங்குகிறது.

பட்ட வலி அவரிடம் பலன் தந்திருக்கிறது. 2016இல் அவருடைய நிறுவனம் உடல் ஊனமுள்ள குழந்தைகளுக்கென்று தனி ஆடைகளைக் கொண்டுவந்தது. பொத்தானுக்குப் பதில் காந்தம் வைத்த சட்டைகள், கை ஒத்துழைக்காத பிள்ளைகூடத் தானே போட்டுக் கழற்றக்கூடியவை. பெரிய பிராண்டுகள் திரும்பிக்கூடப் பார்க்காத வாடிக்கையாளர்களை அந்த நிறுவனம் பார்த்தது.

அதே பெயரின் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. 2010 டிசம்பர் 14 அன்று டாக்காவை அடுத்த ஆசுலியாவில் ‘தட்ஸ் இட் ஸ்போர்ட்ஸ்வேர்’ ஆலையின் மேல்தளங்களில் தீப்பிடித்து 29 பேர் இறந்தார்கள். அங்கே தைக்கப்பட்டவற்றில் ஹில்ஃபிகர் ஆடைகளும் இருந்தன. அதற்குள் நிறுவனம் பி.வி.எச். என்ற பெருங்குழுமத்துக்கு விற்கப்பட்டிருந்தது. ஹில்ஃபிகர் முதன்மை வடிவமைப்பாளராக மட்டும் தொடர்ந்தார். 2012இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிருபர் அவரிடம் கேட்டபோது, அந்த ஆலையில் இப்போது தைப்பதில்லை என்று பதில் சொன்னார். அது சரியான தகவல் இல்லை என்று பிறகு தெரியவந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் பி.வி.எச். தொழிற்சங்கங்களோடு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. ஆலைகளை வெளியாட்கள் சோதிக்க வேண்டும், குறைகளைத் திருத்தியே ஆக வேண்டும் என்று கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ஆடை ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தபின், இருநூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கையெழுத்திட்ட வங்கதேச ஒப்பந்தத்துக்கு முன்மாதிரியாக இருந்தது அதுதான்.

இதிலிருந்து ஹில்ஃபிகர் கல்நெஞ்சக்காரர் என்று யாராவது முடிவுக்கு வந்தால் அது அநியாயம். அவருடைய வலி கண்ணைத் திறந்தது உண்மை. அந்தக் கண் தன் வலிக்கு ஒப்பான வலியைப் பார்த்தது. உடை மாட்டத் திணறும் குழந்தையைக் கண்டுகொண்டது. அந்த உடையைத் தைத்தவர் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்தால் அதற்குத் தெரியாது. அங்கே கண்ணைத் திறக்க வைத்தவர்கள் செத்தவர்களின் குடும்பத்தாரும், விடாமல் கேட்ட சங்கத்தாரும், ஒரு நிருபரும். பட்டறிவுக்கு எல்லை உண்டு. தானே போய் நிற்காத இடத்தை அது காட்டிக்கொடுக்காது.

டிஸ்லெக்சியாவைப் பற்றிய பேச்சில் இன்று ஒரு சொல் ஓங்கி ஒலிக்கிறது: வரம். ரொனால்ட் டேவிஸ் 1994இல் எழுதிய நூலின் தலைப்பே அதை வரம் என்றுதான் அழைத்தது. லண்டனில் பேராசிரியராக இருந்த ஜூலி லோகன், அமெரிக்கத் தொழில்முனைவோரிடம் கேட்டுப் பார்த்து, மூவரில் ஒருவருக்கு மேல் தம்மை டிஸ்லெக்சியா உள்ளவர் என்று சொன்னதாக 2007இல் வெளியிட்டார். ஐகியா நிறுவனர் இங்வர் கம்ப்ராடை எல்லாரும் எடுத்துக்காட்டுவார்கள். பொருள்களுக்கு எண் வைத்தால் தலையில் நிற்காது என்பதால் ஊர்ப் பெயர்களையும் ஆட்களின் பெயர்களையும் சூட்டினார் அவர். 2022 ஜூனில் பெங்களூர் நாகசந்திராவில் திறந்த ஐகியா கடையிலும் அந்தப் பெயர்கள்தான் அட்டையில் தொங்குகின்றன.

இந்தக் கதைகளில் பொய் இல்லை. சிக்கல் வேறிடத்தில். தொழிலதிபர்களை மட்டும் கூப்பிட்டு ‘உங்களுக்கு உண்டா?’ என்று கேட்டால், உண்டு என்று சொல்ல வசதியுள்ளவர்களின் குரலே கேட்கும். நம் ஊரில் இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு பழைய பேச்சு இருக்கிறது: போன ஜென்மத்துக் கர்மம், தலையெழுத்து. பார்க்க எதிரெதிராகத் தெரிந்தாலும் வரம் என்பதும் கர்மம் என்பதும் ஒரே வேலையைச் செய்கின்றன. பட்ட துன்பத்துக்கு ஒரு நியாயம் கற்பித்துவிடுகின்றன. பத்து வயதுப் பிள்ளையை வகுப்பில் நிறுத்தி வைத்து அவமானப்படுத்தியதை எந்தப் பின்னாள் வெற்றியும் சரியாக்காது, எந்த முன்வினையும் விளக்காது. அது அன்று அங்கே இருந்தவர்கள் செய்த தவறு, அவ்வளவுதான்.

பெங்களூர்ப் பிள்ளை படும் பாட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வீட்டில் தமிழோ தெலுங்கோ உருதோ பேசும் குழந்தை பள்ளியில் கன்னட எழுத்தையும் ஆங்கில எழுத்தையும் ஒன்றாகப் பயில்கிறது. அந்நகரின் பிராமிஸ் ஃபவுண்டேஷனில் பணியாற்றிய சோனாலி நாக், கன்னடம் படிக்கக் கற்கும் பிள்ளைகளைப் பற்றி 2007இல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. உயிர்மெய்களும் ஒத்து எனப்படும் கூட்டெழுத்துகளும் சேர்ந்து நூற்றுக்கணக்கில் வடிவங்கள் இருப்பதால், எல்லாவற்றையும் பழகி முடிக்கச் சாதாரணக் குழந்தைக்கே தொடக்கப் பள்ளியின் பல ஆண்டுகள் தேவைப்படுகின்றன என்று அது காட்டியது. அப்படியானால் திணறும் குழந்தையை ‘இன்னும் பழகவில்லை’ என்று விட்டுவிடுவது எளிது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டை 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்தது. அதற்குச் சான்று வழங்க மத்திய அரசு 2018இல் வகுத்த வழிகாட்டுதலில் இடம்பெற்றது பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தொகுப்புதான். கருவி உள்ளூரில் இருக்கிறது. அந்த வாசல் வரை போகிறவர் யார் என்பதுதான் கேள்வி. கட்டணம் கட்டிப் படிக்கும் பிள்ளையின் பெற்றோர் போகிறார்கள். பொம்மனஹள்ளியிலோ பீன்யாவிலோ தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் பெற்றோரிடம், அவளைப் பள்ளியிலிருந்து ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டிருந்தால், மண்டையில் ஏறவில்லை என்ற பதிலோடு பேச்சு முடிந்திருக்கும்.

எழுதப் படிக்கும் வயதினரில் 5 முதல் 10 விழுக்காட்டினருக்கு டிஸ்லெக்சியா இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் பொதுவாகச் சொல்லும் மதிப்பீடு. பெங்களூரைச் சுற்றிய தையல் ஆலைகளில் 4 லட்சம் பேர் என்று வைத்துக்கொண்டு, விழுக்காட்டில் குறைந்ததையே எடுத்தாலும் 20,000 பேர் வருகிறார்கள். பெரும்பாலும் பெண்கள். தங்களுக்கு இருப்பதற்கு ஒரு பெயர் உண்டென்பதே தெரியாதவர்கள். டிஸ்லெக்சியா உள்ள ஒருவர் அறநெறி ஆடை நிறுவனம் தொடங்குகிறார் என்றால், அவருடைய துணியைத் தைக்கும் வரிசையிலேயே அவரைப் போன்ற மூளையுள்ள ஒருத்தி இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. பள்ளியில் ஒரே மாதிரித் தோற்ற இருவரில் ஒருவருக்குக் குடும்பப் பணமும் ஆங்கிலமும் இரண்டாம் வாய்ப்பும் கிடைத்தன. மற்றவருக்கு டார்கெட் கிடைத்தது. தன் வலியிலிருந்து அறத்தைத் தொடங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டிய முகம் இதுதான்.

பார்ப்பது எப்படி என்பதற்குப் பிரெஞ்சு தத்துவவாதி சிமோன் வெயில் ஒரு பதில் வைத்திருக்கிறார். அவருடைய அண்ணன் ஆந்த்ரே கணித மேதை. 14 வயதில், தன் அறிவு அண்ணனோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை என்ற எண்ணம் சிமோனைச் சாவின் விளிம்பு வரை தள்ளியது. மாதக்கணக்கில் அந்த இருட்டில் இருந்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தார்: திறமை அறவே இல்லாதவரும் உண்மையை விரும்பித் தன் முழுக் கவனத்தையும் அதன்மேல் வைத்தால் அதை அடைய முடியும். பிறகு 1934 இறுதியிலிருந்து 1935 வரை பாரிஸ் பகுதி ஆலைகளில், கடைசியாக ரெனோ கார் ஆலையில், சாதாரணத் தொழிலாளியாக வேலை செய்தார். கையும் வேகமும் அவருக்கு ஒத்துழைக்கவில்லை. வேகத்துக்கு ஓடும்போது சிந்தனையே அற்றுப்போகிறது, அவமானம் பழகிப்போகிறது என்று எழுதினார். இன்னொரு கட்டுரையில், பாடத்தின் மேல் வைக்கும் கவனமும் துன்பப்படுகிறவர் மேல் வைக்கும் கவனமும் ஒரே இயல்புடையவை என்று வாதிட்டார். கணக்குக்கு விடை வராவிட்டாலும் அதன்மேல் மாணவர் வைத்த கவனம் வீணாவதில்லை, அது ஒருநாள் அயலாருக்கு உதவும் என்பது அவர் கருத்து.

டிஸ்லெக்சியா உள்ளவருக்கு இதில் நேரடியான சேதி இருக்கிறது. மற்றவர்கள் ஒரே பார்வையில் தாண்டிப்போகும் சொல்லை அவர் எழுத்தெழுத்தாக நின்று பார்த்தவர். அந்தப் பழக்கம் துன்பத்தால் வந்தாலும் பழக்கம் பழக்கம்தான். அதை ஆலைத் தளத்தின் பக்கம் திருப்பினால் என்ன தெரியும்? மணிக்கு எத்தனை பீஸ் என்ற பலகை தெரியும். சூப்பர்வைசரின் கூச்சல் கேட்கும். கழிப்பறைக்குப் போக எழுந்தால் முறைக்கும் கண்கள் தெரியும்.

அந்தப் பெண்கள் எதையும் புரிந்துகொள்ளாதவர்கள் என்று நினைத்தவர்களுக்கு 2016 ஏப்ரல் பதில் சொன்னது. பி.எஃப். கணக்கில் முதலாளி கட்டும் பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று மத்திய அரசு அந்தப் பிப்ரவரியில் விதியை மாற்றியிருந்தது. கல்யாணச் செலவுக்கும் வைத்தியத்துக்கும் இவர்கள் நம்பியிருந்த ஒரே சேமிப்பு அது. ஏப்ரல் 18, 19 தேதிகளில் ஆயிரக்கணக்கான தையல் தொழிலாளர்கள், எந்தப் பெரிய சங்கமும் அழைக்காமலே, ஆலையை விட்டிறங்கிப் பெங்களூரின் நெடுஞ்சாலைகளை மறித்தார்கள். 19ஆம் தேதியே அரசு விதியைத் திரும்பப் பெற்றது.

கன்னட மண்ணிலேயே உழைப்பையும் வழிபாட்டையும் ஒன்றாக்கிப் பார்த்த மரபு இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் கல்யாண நகரில் பசவண்ணரைச் சுற்றிக் கூடிய, சரணர்கள் எனப்பட்ட சிவனடியார்களில் வண்ணார் மாச்சிதேவரும் ஓடக்காரர் சௌடய்யரும் கயிறு திரிக்கும் சந்தய்யரும் இருந்தார்கள். அவர்களுக்கும் முந்தையவர் நெசவாளி தாசிமய்யர். இவர்கள் வசனங்கள் சொன்னார்கள். கேட்டவர்கள் நினைவில் வைத்தார்கள். 1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில மருத்துவர், படிக்க வராத 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி முதன்முதலாக எழுதியபோது ஆசிரியரின் கருத்தையும் பதிந்தார்: பாடம் எல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் இந்தப் பள்ளியில் இவன்தான் முதல். அப்படி ஒரு பள்ளி சரணர்களிடம் இருந்தது என்று சொல்லலாம்.

அவர்களில் அரிசி பொறுக்கிப் பிழைத்த லக்கம்மாவின் கதை, அறநெறித் தொழில் பேசும் எவரும் அறிய வேண்டியது. கணவர் மாரய்யர் தினமும் சிந்திய அரிசியைக் கூட்டிப் பொறுக்கி எடுத்து வருவார். ஒருநாள் வழக்கத்தைவிட அதிகமாகக் கொண்டுவந்தார். தேவைக்கு மேல் எதற்கு, இது பேராசை, கொண்டுபோய் அங்கேயே கொட்டிவிட்டு வாருங்கள் என்றார் லக்கம்மா. மாரய்யரும் உழைத்தவர்தான், ஏழைதான். உழைப்பின் அருமை அவருக்குத் தெரியாமல் இல்லை. அளவைக் காட்ட வேறொருவர் தேவைப்பட்டார், அதையும் வீட்டுக்குள்ளேயே, முகத்துக்கு நேராகச் சொல்லும் உரிமையுள்ள ஒருவர்.

அந்த உரிமையை நிறுவனத்துக்குள் எழுதி வைப்பதுதான் இன்றைய வேலை. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு திண்டுக்கல் பக்கத்தில் இருக்கிறது. 2021 ஜனவரியில் அங்கே ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த 20 வயது தலித் பெண், மேற்பார்வையாளர் ஒருவரால் கொலை செய்யப்பட்டார். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகத்தோடும் எச் அண்ட் எம் நிறுவனத்தோடும் ஒப்பந்தம் கண்டது. கேப் நிறுவனமும், ஹில்ஃபிகர் பெயரை வைத்திருக்கும் அதே பி.வி.எச்.சும் பின்னர் சேர்ந்தன. தளத்தில் வேலை செய்யும் பெண்களே பயிற்சி பெற்றுக் கண்காணித்தார்கள். ஆலை ஒப்பந்தத்தை மீறினால் வாங்குபவர்கள் வணிக நெருக்கடி கொடுத்தாக வேண்டும் என்று அதில் இருந்தது. அந்தப் பிராண்டுகளின் நிறுவனர்கள் சிறுவயதில் என்ன பட்டார்கள் என்பதற்கும் இந்த ஏற்பாட்டுக்கும் தொடர்பே இல்லை.

அப்படியானால் டிஸ்லெக்சியாவில் பிறந்த அறம் என்ற பேச்சு வெறும் விளம்பரமா? இல்லை. அத்தகைய நிறுவனருக்கு மட்டும் உடனே புரியக்கூடிய ஒன்று உண்டு: காகிதம் மனிதரை எவ்வளவு சிறுமைப்படுத்தும் என்பது. இன்றைய அறநெறி ஆடை வணிகம் காகிதத்தால் ஆனது. ஆர்கானிக் பருத்திக்கு ஒரு சான்றிதழ், நியாய வணிகத்துக்கு ஒன்று, சாயத்துக்கு ஒன்று. 2019–20 கைத்தறிக் கணக்கெடுப்பு நாட்டில் 35.22 லட்சம் கைத்தறித் தொழிலாளர் இருப்பதாகச் சொன்னது. அவர்களில் 70 விழுக்காட்டுக்கும் மேல் பெண்கள். சுத்தமான துணி நெய்யும் கைகள் அங்கே இருக்கின்றன. படிவம் நிரப்பும் ஆள்பலம் பெரிய ஆலைகளிடம் இருக்கிறது. படிவத்தைக் கண்டு நடுங்கியவர் இந்த அநியாயத்தைக் காணத் தவறக் கூடாது. ஒப்பந்தத்தை உரக்க வாசித்துக் காட்டலாம். சம்பளச் சீட்டைப் பெரிய எழுத்தில், அவரவர் மொழியில் கொடுக்கலாம். புகாரை எழுதச் சொல்லாமல் வாயால் சொல்லவிட்டுப் பதிந்துகொள்ளலாம். இவை எதற்கும் பெரிய தத்துவம் தேவையில்லை. யாராவது ஒருவருக்குத் தோன்ற வேண்டும், அவ்வளவே.

இதற்கெல்லாம் பணம் வேண்டும். நாடக இயக்குநர் பிரசன்னா ஷிவமொக்கா மாவட்டத்து ஹெக்கோடு பக்கத்தில் 1990களில் தொடங்கிய ‘சரகா’ பெண்கள் கூட்டுறவு, பாக்குச் சாறு போன்ற இயற்கைச் சாயங்களில் கைத்தறித் துணி செய்து ‘தேசி’ கடைகள் வழியாகப் பெங்களூரில் விற்றது. கையால் செய்த பொருளுக்கு ஜி.எஸ்.டி. கூடாது என்று 2017 அக்டோபரில் அவர் பெங்களூரில் உண்ணாவிரதம் இருந்தார். 2020இல், அரசிடமிருந்து வர வேண்டிய பணம் வராத நிலையில், அந்தக் கூட்டுறவே திவாலானதாக அறிவித்தது. நன்றாகச் செய்பவர்கள் நொடித்துப்போவது இந்தத் துறையில் புதிதில்லை. இன்று பெங்களூர் ஆலைகளுக்கு ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் இளம்பெண்கள் வந்து விடுதிகளில் தங்கி வேலை செய்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளச் சீட்டை ஒடியாவில் வாசித்துக் காட்ட ஓர் ஆள் வைத்தால் அவருக்கும் மாதச் சம்பளம் உண்டு. அந்தச் செலவைச் சட்டை விலையில் ஏற்றுவதா, தன் லாபத்தில் கழிப்பதா என்பதைப் புதிதாகத் தொடங்குகிறவர் முதல் ஆர்டரை ஏற்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியிருக்கும்.